நூறில் எட்டு

மாலை வகுப்பின் நான்காவது வாரத்தில் எங்கள் விரல்களைச் சோதித்தார்கள். நீச்சல் போட்டிகளில் நேரம் பார்க்கப் பழகும் வகுப்பு அது, நீச்சல்குளத்தின் மேல்மாடி அறையில் நடந்தது. சுவரில் ஒரு நீச்சல் போட்டியின் படம் ஓடும். தொடக்க விளக்கு மின்னியதும் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். நீந்துகிறவர் கை சுவரைத் தொட்டதும் மறுபடி அழுத்த வேண்டும். சரியான நேரம் சீஃபிடம் ஒரு தாளில் இருந்தது. ஆளுக்கு இருபது தடவை.

சீஃப் என்று நாங்கள் சொல்வது தலைமை நேரப் பதிவாளரை. பகலில் பேருந்து நிலையத்தில் கால அட்டவணை போடுகிறவர். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர், ஆனால் அவர் அறைக்குள் வந்தால் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும். எங்களோடு படிக்கும் கண்ணாடிக்கடை அண்ணன் ஒருவருக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது.

"சீஃப், நீங்க போட்ட நேரத்துக்கு ஒரு பஸ்ஸாவது வந்திருக்கா?" என்று வாரம் தவறாமல் கேட்பார்.

"பஸ்தாங்க லேட்டு. அட்டவணை கரெக்ட்டு."

சோதனையில் மற்றவர்களுக்கு ஒரு தடவை கூடுதலாக வந்தது, ஒரு தடவை குறைவாக வந்தது. எனக்கு இருபது தடவையும் குறைவு. கூட்டி வகுத்துப் பார்த்தால் ஒரு செகண்டில் நூறில் எட்டு பங்கு. நான் தாமதமாகத் தொடங்குகிறேன், அல்லது கை சுவரைத் தொடும் முன்பே முந்தி அழுத்திவிடுகிறேன், அல்லது இரண்டும்.

"நீ ஒரே தப்ப இருபது தடவையும் பண்ற," என்றார் சீஃப், தாளைப் பார்த்தபடி. "அது நல்ல விஷயம். தப்புன்னாலும் நம்பலாம்."

இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த எட்டை என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ என்ற பயம். நான் வேலை செய்வது மருந்துக் கடையில். மாத்திரையைத் தட்டில் கொட்டி இரண்டு தடவை எண்ணுவேன். முப்பதுக்கு ஒன்று குறைந்தால் ஒன்றைச் சேர்ப்பேன். குறைந்தால் சேர்ப்பது தவிர வேறு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அண்ணன் எனக்கு 'செகண்டு முள்ளு' என்று பெயர் வைத்திருக்கிறான். நாங்கள் நேரம் பார்க்கப் போன நீச்சல் போட்டியன்று காலை, நான் பென்சில் இரண்டு, பேனா இரண்டு, நோட்டு ஒன்று என்று பையில் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "தண்ணில இறங்குறவன்கூட இவ்வளவு எடுத்துட்டுப் போகமாட்டான்டி," என்றான்.

"அவள விடுங்க," என்றார் அண்ணி. "இந்த வீட்டுல ஒருத்தராவது நேரத்துக்குக் கிளம்பட்டும்."

எனக்கு ஐந்தாம் தடம். ஒரு தடத்துக்கு மூன்று பேர், மூன்று ஸ்டாப்வாட்ச். இது எதற்கு என்றால், மூன்று பேரும் மூன்று நேரம் சொன்னால், அதிகமானதையும் குறைவானதையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தடத்தில் நான், கண்ணாடிக்கடை அண்ணன், தபால்காரர் அக்கா. தடத்துக்குப் பொறுப்பு தபால்காரர் அக்கா. நாங்கள் நேரத்தைச் சொல்லச் சொல்ல அவர் அட்டையில் எழுதுவார். எழுதி முடித்துத் தலையை ஆட்டினால் வாட்சை அழித்துவிடலாம்.

விளக்கு மின்னும். அழுத்துவோம். பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. கடைசிச் சுற்றில் மட்டும் சுவரோரம் போய்க் குனிந்து, தண்ணீருக்குள் கை வருவதையே பார்க்க வேண்டும். நீந்துகிறவர் உதைக்கிற தண்ணீர் முழங்கால் வரை நனைக்கும். மூன்று போட்டிக்குள் என் செருப்பு சளக் சளக் என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது.

நான் நோட்டில் இரண்டு பத்தி போட்டிருந்தேன். முதல் பத்தியின் தலைப்பு 'வாட்ச்'. இரண்டாவது 'சொன்னது'. வாட்சில் 41.20 என்று இருந்தால் அதை முதல் பத்தியில் எழுதுவேன். எட்டைக் கூட்டி 41.28 என்று வாய்விட்டுச் சொல்வேன். அதை இரண்டாவது பத்தியில் எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் கூட்டலை மனதுக்குள் சரிபார்த்தேன். பெரும்பாலும் என் எண்தான் நடுவில் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பத்தொன்பதாவது போட்டி, பெண்களுக்கான நூறு மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். எங்கள் தடத்துக்கு வந்தவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். எதிர்ப்பக்கப் படிக்கட்டில் அவர் கணவர் இடுப்புக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். இரட்டையர்.

"எவ்வளவு வேணும்?" என்று கேட்டார் தபால்காரர் அக்கா.

"ஒண்ணு இருபது. இருபது, ஜீரோ ஜீரோ வந்தாலும் போதும்," என்றார் அவர், தொப்பிக்குள் முடியைத் திணித்துக்கொண்டே. "இன்னைக்கு ஆறு மணிக்குப் பெரிய போட்டிக்கான லிஸ்ட்ட மூடுறாங்க. லிஸ்ட்ல பேர் இருந்தாத்தான் காலைல குளத்துல ஒரு மணி நேரம் குடுப்பாங்க. இல்லன்னா அந்த நேரம் வேற யாருக்கோ."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுல பக்கெட்லதான் நீந்தணும். அதுலயும் ரெண்டு பேர் ஏற்கெனவே உக்காந்திருக்காங்க."

கண்ணாடிக்கடை அண்ணன் சிரித்தார். நீந்த வந்தவர் சிரிக்கவில்லை. "இந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு," என்று சொல்லிவிட்டுக் நீச்சல் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு கையையும் சேர்த்துத் தொடும்மா," என்றார் தபால்காரர் அக்கா.

மூன்றாவது சுற்றுவரை அவர் நான்காம் தடத்தைவிட ஒரு உடல் நீளம் முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றில் தோள்கள் தண்ணீரைவிட்டு முன்போல் எழும்பவில்லை. நான் குனிந்தேன். இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றாக வந்து சுவரில் அறைந்தன. அழுத்தினேன். வாட்சில் 1:19.95. எட்டைக் கூட்டினேன்.

"ஒண்ணு இருபது ஜீரோ மூணு," என்றேன்.

அக்கா எழுதிக்கொண்டு தலையை ஆட்டினார். வாட்சை அழித்தேன். மற்ற இருவரும் சொன்னதை நான் கவனிக்கவில்லை. என் பத்திகளை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறாவது போட்டி முடிந்ததும் இடைவேளை. மணி ஐந்து. அறிவிப்புப் பலகை அருகே அந்த இரட்டையரின் அம்மா நின்றிருந்தார். ஈர விரலால் பட்டியலை வரிவரியாகத் தடவிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இருபது ஜீரோ மூணு," என்றார்.

"மூணுன்னா?" என்று கேட்டார் கணவர்.

"ஒரு செகண்ட நூறாப் பிரிச்சா அதுல மூணு."

"அது எவ்வளவு இருக்கும்?"

"ஒரு தடவ கண்ண சிமிட்டுறதுல பாதிகூட இல்ல."

"அப்ப நீ சிமிட்டாம இருந்திருக்கலாம்ல?"

அவர் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் முகம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு குழந்தையை வாங்கி, அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். கணவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்த தடவை படித்தால் எண் மாறிவிடும் என்பதுபோல.

நான் துண்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பின்னால் போய் நோட்டைத் திறந்தேன். பத்தொன்பதாவது வரி. வாட்ச் 1:19.95. சொன்னது 1:20.03. பலகையில் இருப்பது நான் சொன்ன எண். அதாவது நடுவில் வந்தது என்னுடையதுதான்.

முதலில் நினைத்தேன்: நான் செய்தது சரிதான். என் விரல் எட்டு குறைவு, எட்டைச் சேர்த்தேன், அவர் உண்மையில் நீந்திய நேரம் 1:20.03. அப்படியானால் ஏன் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன்? இரண்டாவதாக நினைத்தேன்: மேல்மாடியில் படம் பார்த்து அழுத்திய விரலும், இங்கே கால் நனைந்து குனிந்து நின்று அழுத்திய விரலும் ஒன்றுதானா? இன்று எட்டு குறைந்ததா, மூன்று குறைந்ததா, குறையவே இல்லையா? எனக்குத் தெரியாது. தெரியாமலே இருபத்தாறு தடவை கூட்டியிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்றும் நினைக்க முடியவில்லை.

கண்ணாடிக்கடை அண்ணன் ஒரு நாற்காலியில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வாட்ச்ல வர்றத நீங்க அப்படியேவா சொல்றீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? ராசிபலனா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் துண்டை மடியில் வைத்தார்.

"எல்லாத்துக்கும் கூட்டினியா?"

"எல்லாத்துக்கும்."

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல. நானா."

"சீஃப்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்," என்றார். பிறகு, "இப்பவே போ. மணியப் பாரு," என்று தள்ளாத குறையாக அனுப்பினார்.

பதிவு அறை என்பது டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் உள்ள இடம். அட்டைகள் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டுக்கும் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. சீஃபும் தபால்காரர் அக்காவும் உள்ளே இருந்தார்கள். நோட்டை மேசையில் விரித்து வைத்து, தொடக்கத்திலிருந்து சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவே இல்லை.

சீஃப் இரண்டு பத்திகளையும் மேலிருந்து கீழே பார்த்தார். "எல்லாம் ஒழுங்காத்தான் கூட்டியிருக்க," என்றார். அது பாராட்டு அல்ல.

தபால்காரர் அக்காதான் முதலில் கொதித்தார். "என் கையால எழுதியிருக்கேன். என் கையெழுத்து இருக்கு எல்லா அட்டையிலயும். பக்கத்துலதான நின்ன? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேக்கணும்னு தோணலக்கா."

"தோணல!"

"எட்டு குறைவுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றேன் சீஃபிடம். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சொன்னேன். அரைகுறையாச் சொல்லியிருக்கேன்," என்றார் அவர். "உன் விரல் தப்பாத்தான் இருக்கும். அண்ணன் விரலும் தப்பு. அக்கா விரலும் தப்பு. அதனாலதான் மூணு பேரு. நீ உன் தப்ப நீயே சரிபண்ணினா, அங்க மூணு பேர் இல்ல. ரெண்டு பேரும் ஒரு கணக்கப்பிள்ளையும்."

"வாட்ச்ல இருந்தது இந்தப் பத்தியில இருக்கே. அதையே எடுத்துக்கலாமே?" என் கேள்வியில் ஆசை இருந்தது எனக்கே கேட்டது. 1:19.95 என்றால் எல்லாம் சரியாகிவிடும்.

"இது நோட்டு. வாட்ச் அழிஞ்சாச்சு. உன் நோட்ட நம்பி எப்படி மாத்துவேன்? நாளைக்கு யார் வேணாலும் ஒரு நோட்டோட வருவாங்க." அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "உன் வாட்ச் இன்னைக்கு ஓடலன்னு வச்சுக்குவோம். மூணுல ஒண்ணு ஓடலன்னா, மிச்சம் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கணும். ஒண்ணாவது போட்டியிலேர்ந்து."

"பத்தொன்பத மட்டும் முதல்ல…" என்றேன்.

"ஒண்ணுலேர்ந்து."

மணி ஐந்து பதினைந்து. அக்கா அட்டையைப் படித்தார், நான் கூட்டிப் பாதியாக்கினேன், சீஃப் தன் தாளில் தனியாகப் போட்டுச் சரிபார்த்தார். பல போட்டிகளில் நூறில் இரண்டு மூன்று மாறியது, வரிசை மாறவில்லை. ஏழாவதில் மாறியது. ஐம்பது மீட்டர் பின்நீச்சலில் ஐந்தாம் தடத்தில் மூன்றாவதாக வந்தவர் ஒரு வங்கி ஊழியர். அண்ணன் சொன்னது 38.40, அக்காவின் வாட்ச் 38.70, நடுவில் என்னுடையது 38.42. இப்போது பாதியாக்கினால் 38.55. இரண்டாம் தடத்தில் ஒருவர் 38.50. வங்கி ஊழியர் நான்காவது.

"அவர் ஒரு தப்பும் பண்ணலையே," என்றேன்.

"இரட்டைப்பிள்ளக்காரிக்கு மட்டும் உன் நேரத்த அடிச்சுட்டு, இவருக்கு வச்சுக்கவா?" என்றார் சீஃப். "அடுத்து."

பன்னிரண்டு. பதின்மூன்று. என் வகுத்தல் சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போட்டேன். சீஃப் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பத்தொன்பது.

"என்னோடது ஒண்ணு இருபது பத்து," என்று படித்தார் அக்கா. "அண்ணனோடது ஒண்ணு பத்தொன்பது தொண்ணூத்தியொண்ணு."

செகண்டாக மாற்றினேன். 80.10, 79.91. கூட்டினால் 160.01. பாதி 80.005.

பேனா அங்கேயே நின்றது. ஐந்து வந்தால் மேலே ஏற்ற வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். மேலே ஏற்றினால் 80.01. ஒன்று இருபது, ஜீரோ ஒன்று. மூன்று வித்தியாசம் ஒன்றாகியிருக்கிறது, அவ்வளவுதான். வங்கி ஊழியருக்கும் போய், இவருக்கும் வராமல், எல்லோரிடமும் திட்டு வாங்கி, நூறில் ஒன்று. நான் 1:20.01 என்று எழுதினேன்.

சீஃப் எட்டிப் பார்த்தார். "இது எப்படி வந்துச்சு?"

"கடைசியில அஞ்சு வருது. அதனால ஏத்திட்டேன்."

"நம்ம வாட்ச்ல புள்ளிக்கு அப்புறம் எத்தன எண் இருக்கு?"

"ரெண்டு."

"மூணாவது எங்கேர்ந்து வந்துச்சு?"

"வகுத்தா வருது."

"யாரும் அளக்காத எண் அது. அளக்காதத ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது." அவர் விதிப்புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து, விரலை ஒரு வரியில் ஊன்றினார். இரண்டு வாட்ச் இருந்தால் பாதி. மூன்றாவது எண்ணை விட்டுவிடவும். "வெட்டு."

நான் ஐந்தின் மேல் ஒரு கோடு போட்டேன். 80.00.

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "இருபது ஜீரோ ஜீரோ," என்றார் விரலிடுக்கில்.

"பத்தொன்பது முடிஞ்சுது. இருபது," என்றார் சீஃப். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் இருபதாவது அட்டையை எடுக்கும்போது பத்தொன்பதாவதையும் சேர்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

இருபத்தாறு முடிந்தபோது மணி ஐந்து நாற்பத்தாறு. சீஃப் புதிய பட்டியலில் கையெழுத்துப் போட்டார். "மிச்சப் போட்டிக்கு அஞ்சாம் தடத்துல ரெண்டு பேர் நிப்பாங்க. நீ நிக்க வேணாம். அடுத்த மாசம் வகுப்புக்கு முதல் வாரத்துலேர்ந்து வா." ஒரு நொடி கழித்து, "வா," என்று மறுபடி சொன்னார்.

பலகையில் பழைய தாளை எடுத்துப் புதியதை ஒட்டும்போது சீஃபே வங்கி ஊழியரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வழுக்கைத் தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டார்.

"நாலாவதுக்கு என்ன குடுப்பீங்க?"

"கைதான் குடுக்க முடியும்."

"வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனே," என்றார் அவர். கை குலுக்கிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் மூலைக்குப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை போனேன். "பரவால்லம்மா," என்றார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. பரவாயில்லை என்று முகம் சொல்லவில்லை.

இரட்டையரின் அம்மா வாசலுக்கு அருகே ஒரு குழந்தைக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பலகையை மறுபடி பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

"அக்கா, போகாதீங்க. பெரிய போட்டி லிஸ்ட்டுக்கு நீங்க தேறிட்டீங்க, ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்," என்றேன். பிறகு ஏன் என்பதையும் சொன்னேன்.

அவர் காலுறையைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். "என்னைய வெச்சுக் கணக்குப் பழகினீங்களா?"

"தப்புதான்கா."

"முக்கா மணி நேரமா நான் மனசுக்குள்ள குளத்துக்கு முழுக்குப் போட்டுட்டேன். தெரியுமா? இவர்கிட்ட நீச்சலுடைய யாருக்காவது குடுத்துடலாம்னுகூட சொல்லிட்டேன்."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க." அவர் என்னையே பார்த்தார். கோபம் இன்னும் இருந்தது, ஆனால் அதற்கு நடுவே வேறொன்று நுழைந்திருந்தது. "அப்ப நான் நிஜமா எவ்வளவுல நீந்தினேன்?"

"அட்டையில ஒண்ணு இருபது ஜீரோ ஜீரோ."

"அது பாதியாக்கின கணக்கு. உங்க வாட்ச்ல என்ன இருந்துச்சு?"

"என் வாட்ச் கணக்குல இல்லக்கா."

"கணக்குக்கா கேக்குறேன்? எனக்குச் சொல்லுங்க."

சொல்லலாமா என்று யோசித்தேன். சீஃப் இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். பிறகு எதையும் கூட்டாமல், கழிக்காமல், "ஒண்ணு பத்தொன்பது தொண்ணூத்தஞ்சு," என்றேன்.

"பத்தொன்பதா?" அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பிள்ள பெத்துட்டு, பத்தொன்பது!"

"மணி அஞ்சு அம்பத்தி நாலு," என்றார் கணவர். "கையெழுத்துப் போடணும்னாங்களே, போ."

"இவன யாரு புடிக்கிறது?"

கணவரின் இரண்டு கைகளிலும் ஒரு பையும் இன்னொரு குழந்தையும் இருந்தன. அம்மா காலுறை ஒன்று மட்டும் மாட்டிய குழந்தையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வெறுங்காலோடு பதிவு அறையை நோக்கி ஓடினார். ஈரத் தரையில் ஒரு தடவை சறுக்கி, கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போனார்.

குழந்தை என் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சின் பொத்தானை அழுத்தத் தொடங்கியது. எண்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. நான் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து அவர் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது கேட்டது.